எலுமிச்சையில் சொறி வைக்கும் கிருமி பக்கத்து மரத்தை ஏன் விடுகிறது?

எலுமிச்சங்காயில் பழுப்பாய், சொரசொரவென்று, தக்கை போன்ற புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சொறி நோய். காரணம், சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பாக்டீரியா.

பெயர் ஒன்றுதான், வகைகள் வேறு. 'ஏ' வகை எலுமிச்சை, சாத்துக்குடி, கிரேப்ஃப்ரூட் என்று எதையும் விட்டுவைக்காது. ஃப்ளோரிடாவில் கண்ட இன்னொரு வகையோ எலுமிச்சையில் வெளுத்து வாங்கும், கிரேப்ஃப்ரூட்டில் தோற்றுவிடும். எப்படி?

மழைச்சாரலோடு தெறிக்கும் கிருமி இலைத்துளை வழியே உள்ளே போகிறது. நுண்ணிய ஊசிபோன்ற குழாயால் சில புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றை ஒரு திருடனின் கள்ளச்சாவிக் கொத்து என்று வையுங்கள். ஒரு சாவி செடியின் சொந்த மரபணுவையே முடுக்கிவிடும்; செல்கள் வீங்கி வெடிக்க, சொறி எழும்பும். கிருமி வெளியே வழிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

ஃப்ளோரிடா வகையின் கொத்தில் கூடுதலாக ஒரு சாவி. அது கிணுகிணுக்கும். எலுமிச்சைக்கு அந்தச் சத்தம் கேட்காது. கிரேப்ஃப்ரூட் உடனே விழித்து, கிருமி புகுந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்துவிடும். பரவ வழியில்லை!

கிருமியில் அந்தக் கூடுதல் சாவியை உருவாக்கும் ஒரு மரபணுவை ஆய்வாளர்கள் முடக்கிப் பார்த்தார்கள். கிரேப்ஃப்ரூட்டிலும் சொறி வந்தது. ஆனால் 'ஏ' வகை அளவுக்குக் கடுமையாக இல்லை. ஆக, வேறு சாவிகளிலும் வித்தியாசம் இருக்க வேண்டும்.