வாள் மறைந்தது, ஈகை நின்றது

இண்டூர் மக்களாகிய நாம் சந்தைக்கும் அலுவலகத்திற்கும் சென்றுவரும் தருமபுரியே, சங்க காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர்.

அஞ்சி திருக்கோவலூர்மீது படையெடுத்து மலையமான் காரியை வென்றான். தோற்ற காரி சேரருடன் சேர்ந்தான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்து, 'தகடூர் எறிந்த' என்னும் அடைமொழி பெற்றான்.

உரோமைப் பேரரசிலோ உடன்பிறந்தாரே பகைவராயினர். கி.பி. 337-இல் கான்ஸ்டன்டைன் மறைந்ததும், மைந்தர் மூவரும் பேரரசைப் பங்கிட்டனர். 340-இல் தம்பியின் பங்கின்மேல் படையெடுத்த மூத்தவர் மாண்டார். 350-இல் அத்தம்பியும் கிளர்ச்சியாளரால் கொல்லப்பட்டார்.

அஞ்சியின் பெயரோ அழியவில்லை. தன் வாழ்நாளை நீட்டிக்கவல்ல நெல்லிக்கனியை அவன் ஔவைக்கு ஈந்ததைச் சிறுவரும் அறிவர். 1981-இல் திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் அவன் பெயர் பொறித்த கல்வெட்டொன்று கண்டறியப்பட்டது. அவன் போரிட்டு வென்ற அம்மண்ணில், அக்கல் வெற்றியைப் பேசவில்லை. அவன் குகை உறைவிடம் ஒன்றை ஈந்ததையே பேசுகிறது.

நம் இல்லங்களிலும் பாகப்பிரிவினை நாள் வரும். வரப்பை ஓரடி தள்ளிப் போட்டு உடன்பிறந்தானை இழப்பதா, ஓரடி விட்டுக்கொடுத்து அவனைக் காத்துக்கொள்வதா? அன்று நம் பிள்ளைகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பர்.