ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஒரே ஓர் எண்!

பூரணாங்குப்பம் பழக்கடையில் வாழைப்பழத்தை டஜன் கணக்கில் வாங்கினால் ஒரு வசதி. 12 பழங்களை 2, 3, 4, 6 பேருக்கு மீதமில்லாமல் பிரித்துக் கொடுக்கலாம். 10 பழம் என்றால் 2, 5, 10 பேருக்குத்தான் சரிவரும்.

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் கிடையாது. இப்படி, தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் எண்களை ஆராய்ந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன்.

எஃப்.ஏ. தேர்வில் தேறாமல், பட்டம் இல்லாமலேயே 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர் அவர். மறு ஆண்டே இத்தகைய 102 எண்களைப் பட்டியலிட்டுக் கட்டுரை வெளியிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடிக்கும் மேல். அதற்கு 10,080 காரணிகள்! இந்த ஆய்வுக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

ஆனால், இடையில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போனது. அது 293318625600.

2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5, 7 இரண்டையும் தலா இரண்டு முறை, 11, 13, 17, 19 ஆகியவற்றைத் தலா ஒரு முறை எடுத்து, எல்லாவற்றையும் பெருக்கினால் இந்த எண் வரும். இந்த 'முறை'களோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5,040. அத்தனை காரணிகள் அதற்கு!

இன்னொரு ஆச்சர்யம், விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடும். மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

கணக்கில் ஒரு தப்பு விட்டுவிட்டு முகம் வாடி வரும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்!