சர்வகலாசாலைக்குக் கொடுக்கும் முறை

ஒரு ஸ்தாபனத்தைத் தோற்றுவிப்பது எளிது. அதை நிலைபெறச் செய்வதே அரிது. இதனை ஐயமற உணர விரும்புவோர், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலுள்ள கத்தோலிக்க சர்வகலாசாலையின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவாராக. கல்விக்குப் பொருளுதவி புரியும் வழிகள் யாவை, அவற்றுள் உறுதியானது எது என்பது அதில் நன்கு விளங்கும்.

முதல் வழி, செல்வர் ஒருவர் ஒரே முறையில் பெருந்தொகை வழங்குவது. 1884-ஆம் வருஷத்தில் அந்நாட்டு மேற்றிராணிமார் பால்டிமோர் நகரில் மகாசபை கூடியபொழுது, மேரி க்வெண்டலின் கால்ட்வெல் என்னும் இளம் பெண்மணி 3 லட்சம் டாலர் அளிக்க முன்வந்தார். அப்பொருளே அஸ்திவாரமாயிற்று. 1887-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ அனுமதி வழங்கினார். 1889-இல் சர்வகலாசாலை திறக்கப்பட்டது.

இரண்டாம் வழி, பொதுஜனங்களின் சிறு காணிக்கை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடெங்குமுள்ள கோவில்களில் சர்வகலாசாலைக்கென உண்டியல் ஏந்தும் வழக்கம் 1903-இல் ஏற்படுத்தப்பட்டது.

மறு வருஷமே பெருஞ் சோதனை நேர்ந்தது. பொக்கிஷதாராயிருந்தவர் சர்வகலாசாலையின் நிதியைத் தமது சொந்த நிலவியாபாரத்தில் ஈடுபடுத்தியிருந்தார். 1904-இல் அவர் இன்ஸால்வெண்டு ஆகவே, 8 லட்சம் டாலருக்கு மேற்பட்ட மூலதனம் ஆபத்துக்குள்ளாயிற்று. அதே வருஷத்தில், முதற்பொருள் ஈந்த அப்பெண்மணியும் கத்தோலிக்க மதத்தை விட்டு விலகினார். அவரவர் மனச்சாட்சிக்கு அவரவரே அதிகாரி. அதுபற்றித் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால், ஒரு பெருநிதியையும் ஒரு பெருங்கொடையாளியையும் மட்டுமே நம்பியிருந்தால் அக்கலாசாலை என்னவாயிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதன் அதிபராயிருந்த கிப்பன்ஸ் கார்டினல் மனந்தளராது ஆதரவு திரட்டினார். பலர் கைகொடுத்தனர், கதவு மூடப்படவில்லை. அந்த வருஷாந்திரக் காணிக்கை இன்றும் நடைபெற்று, மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்குப் பயன்படுகிறது.

மூன்றாம் வழி, நோக்கத்தைக் குறித்துக் கொடுப்பது. 1882-இல் தோன்றிய நைட்ஸ் ஆப் கொலம்பஸ் என்னும் சகோதர சங்கத்தார், தம் அங்கத்தினரிடம் சிறுகச் சிறுகத் திரட்டி, அமெரிக்க சரித்திர ஆசிரியர் பதவி ஒன்றுக்காக 1904-இல் 50,000 டாலர் அளித்தனர். உயர்தர மாணவர்களின் உபகாரச் சம்பளத்துக்காக 1914-இல் 5 லட்சம் டாலர் கொடுத்தனர். நோக்கம் எழுத்தில் தெளிவாயிருந்தால், அப்பொருளை வேறு காரியத்துக்குத் திருப்புவது கடினம். நான்காம் வழியாகிய மரண சாஸனத்துக்கும் இதுவே விதி. உயிலில் ஒரு சொல் மயங்கினால், கொடை மாணவனைச் சேராது. வழக்குச் செலவிலேயே கரைந்துபோகும்.

ஆகவே கொடுப்பவர் கடமை கொடுத்தவுடன் தீர்ந்துவிடுவதன்று. தர்ம சொத்தைக் காப்பவர் தாமே அதைக் கடனாக எடுத்தாளலாகாது. கணக்கை அந்நியர் பரிசோதிக்க வேண்டும். முடிவை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கணக்குக் கேட்பது அவமரியாதை என்று எண்ணுவது பேதைமை. கேளாமல் விட்டதன் பலனையே வாஷிங்டன் 1904-இல் அநுபவித்தது.

பொதுநிதி திரட்டும் தேசத் தொண்டர் அனைவரும் இதனை மனத்திற் பதித்துக்கொள்வாராக. ஒருவர் கொடுத்த லட்சம் ஒரு நாளில் அழியக்கூடும். லட்சம் பேர் ஆண்டுதோறும் கொடுக்கும் காசு அவ்வாறு அழியாது. ஏனெனில், அதில் பணத்தோடு ஜனங்களின் உரிமையும் சேர்ந்திருக்கிறது.