கோலுக்கு முன் குரு

சின்னஞ்சிறு வெள்ளைப் பந்து. கிரிக்கெட்டில் போல் அதை நம்மை நோக்கி ஒருவரும் எறிவதில்லை; அசையாமல் புல்மேல் கிடக்கிறது. அதைத் தட்டிக்கொண்டு போய் நாலேகால் அங்குல அகலமுள்ள ஒரு குழியில் சேர்க்க வேண்டும். இதற்கு ஓர் ஆசிரியர் வேறு வேண்டுமா என்றுதான் யாருக்கும் தோன்றும். கோலை ஓங்கிச் சுழற்றிய பிறகு பார்த்தால், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். பறந்து போனது பக்கத்துப் புல்கட்டிதான்!

ஸ்காட்லாந்தில் வளர்ந்த கோல்ப் ஆட்டம் துரைமார்களுடன் நம் நாட்டுக்கு வந்தது. கல்கத்தாவில் 1829-லேயே இதற்கு ஒரு சங்கம் ஏற்பட்டு விட்டது. துரை ஆடுவார், நம்மவர் பையைச் சுமந்து பின்னால் நடப்பார். ஆனால் சுமந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா நடந்தார்கள்? டில்லி மைதானத்தில் பை சுமந்த அலி ஷேர், பிற்காலத்தில் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் போட்டியில் வெற்றி பெற்றார்.

புதிதாக ஆட வருகிறவர் முதலில் செய்யும் காரியம் கடைக்குப் போவது. 14 கோல்களுக்கு மேல் கொண்டு போகக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். பதினான்கும் இருந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு நீளக் கட்டைக் கோல், மூன்று நான்கு இரும்புக் கோல்கள், குழியருகே பந்தை உருட்டுவதற்கு ஒரு 'பட்டர்' (கோயில் பட்டர் அல்ல) இருந்தால் ஆரம்ப காலத்துக்கு ஏதேஷ்டம். அவற்றையும் நாலைந்து பாடம் ஆன பிறகே வாங்குவது உசிதம். அதுவரை ஆசிரியரிடமே இரவல் கிடைக்கும்.

ஆசிரியர் முதலில் கற்பிப்பது கோலைப் பிடிக்கும் விதம். பிரிட்டிஷ் ஓப்பனில் ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் பிரபலமாக்கிய பிடியில், வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலின் மேல் படிந்து கிடக்கும். இறுக்கிப் பிடித்தால் தோள் இறுகும். தோள் இறுகினால் பந்து தவறும். இந்தக் குற்றங்களைத் தாமே கண்டுகொள்வது எளிதல்ல. எதிரே நிற்பவருக்குத்தான் அவை தெரியும்.

இனிக் கோலின் அளவு. உயரத்தை மட்டும் பார்த்துத் தீர்மானித்து விடலாகாது; மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். அதைவிட முக்கியமானது கோலின் சாய்வு. அடிக்கும் சமயத்தில் கோல் தலையின் முனை தூக்கிக்கொண்டு நின்றால், வலக்கைக்காரரின் பந்து இடப்புறம் ஓடும். குதி தூக்கினால் வலப்புறம். அடிப்பாகத்தில் நாடாவை ஒட்டிப் பலகை மேலிருந்து அடிக்கச் சொன்னால், விழும் தேய்மானம் குட்டை வெளிப்படுத்தி விடும். இதைக் கவனியாதவர் கோலின் கோணலுக்கு ஈடாகத் தம் உடம்பைக் கோணிக் கொள்கிறார். மாதக்கணக்கில் அப்படியே ஆடினால் கோணலே வழக்கமாகி விடுகிறது. பிறகு நல்ல கோல் வந்தும் பயனில்லை.

வீடுகளில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். ஐயா புதுக் கோல்கள் வாங்குவார்; பழையவை அம்மாளுக்கு! அவை நீளம், கனம், விறைப்பு எல்லாவற்றிலும் அதிகம். நிதானமாகச் சுழற்றுகிறவருக்கு வளைந்து கொடுக்கும் தண்டும், சிறிய கைக்கு மெல்லிய பிடியும் வேண்டும். ஆட்டம் தமக்கு வரவில்லை என்று அம்மாள் விட்டுவிடுகிறார், குற்றமெல்லாம் கோலினுடையது. குழந்தைக்குப் பெரியவர் கோலை அறுத்துக் கொடுப்பதும் இதே கதைதான். தண்டு குட்டையானால் விறைப்பு கூடும், தலையின் கனம் குறையாது.

செலவைக் கண்டு மலைக்க வேண்டாம். பிறர் ஆடிக் கழித்த கோல்களே போதும். இரும்புக் கோல்கள் பலவற்றின் கழுத்தை இரண்டொரு டிகிரி வளைத்துச் சாய்வைச் சரி செய்யலாம். பிடியின் ரப்பரைப் புதிதாக மாற்றிக் கொள்ளலாம். வாங்குமுன் ஒருமுறை ஆசிரியரிடம் காட்டிவிட்டால் சரி.