வீதியின் கீழ் ஓடும் வெப்பம்: குழாயின் ஆழமும் சமூக உறவுகளும்

தொழினுட்பத்தைச் சமூகத்துக்குப் புறம்பான, தனக்கேயுரிய தருக்கத்தின்படி இயங்கும் ஒன்றாகக் கொள்ளும் போக்கு நமது அறிவுலகில் இன்னும் வலுவுடனேயே இருந்து வருகின்றது. பாலத்தின் நீளம், அணையின் உயரம், குழாயின் ஆழம் என்பனவெல்லாம் பொறியியலாளரின் கணக்கீட்டுக்கு மட்டுமே உரியன என நாம் ஒதுங்கிவிடுகின்றோம். இக்கணக்கீடுகளுக்குள்ளும் சமூக உறவுகள் தொழிற்படுகின்றன என்பதை, குளிர்நாட்டு நகரங்களின் பொது வெப்ப வழங்கற் குழாய்களை உதாரணமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பவலயத்தில் வாழும் நமக்கு இப்பொருள் அந்நியமானது. ஆதலின் அதன் அடிப்படையை முதலில் நோக்குவோம். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி அடுப்பெரிப்பதற்குப் பதிலாக, மின்நிலையத்திலோ குப்பை எரிக்கும் நிலையத்திலோ வீணாகும் வெப்பத்தைக் கொண்டு நீரைச் சூடாக்கி, வீதிகளின் கீழ்ப் புதைத்த குழாய்களினூடாக வீடுகளுக்கு அனுப்புவர். வெப்பத்தை இழந்த நீர் இன்னொரு குழாய் வழியே நிலையத்துக்கு மீளும். 1877இல் அமெரிக்காவின் லொக்போட் நகரில் பேட்சில் ஹொலி என்பார் நீராவியைக் கொண்டு இம்முறையை வணிக அடிப்படையில் தொடக்கினார். 1882இல் நியூயோர்க்கில் நீராவி வழங்கல் ஆரம்பமாயிற்று. டென்மார்க்கின் பிரடெரிக்ஸ்பேர்க்கில் 1903இல் குப்பையை எரித்துப் பெற்ற வெப்பம் பயன்படுத்தப்பட்டது. 1924 நவம்பரில் லெனின்கிராட்டின் மின்நிலையமொன்றிலிருந்து பொன்தாங்கா ஆற்றங்கரையிலுள்ள 96ஆம் இலக்க வீட்டுக்கு வெப்பம் சென்றது. சோவியத் நகரங்களின் பரந்த வெப்ப வலையமைப்பு அங்கிருந்தே வளர்ச்சியுற்றது.

தொடக்ககாலக் குழாய்கள் கொங்கிறீற்றுக் கால்வாய்களினுள் இடப்பட்டன. கனிமக் கம்பளி முதலியவற்றால் போர்த்தப்பட்ட உருக்குக் குழாய், அதனைச் சூழக் கால்வாய், அதன்மீது மூடிகள், அவற்றின் மேல் மண் என்றவாறு அமைந்தமையால் அகன்ற, ஆழமான அகழிகள் தேவைப்பட்டன. கால்வாயினுள் நீர் புகுமிடத்துக் காப்பு நனைந்து பயனிழக்கும், குழாய் துருப்பிடிக்கும். நிலைமையை மாற்றியது, தொழிற்சாலையிலேயே காப்பிட்டு ஆக்கப்படும் குழாயாகும். உள்ளே உருக்குக் குழாய், நடுவே பொலியூரித்தேன் நுரை, வெளியே அடர்ந்த பொலித்தீன் உறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். நுரையினுள் ஓடும் மெல்லிய செப்புக் கம்பிகள் கசிவைக் காட்டிக்கொடுக்கும். இக்குழாயைக் கால்வாயின்றி மணலிலேயே புதைக்கலாம்.

இனி ஆழம் பற்றிய வினாவுக்கு வருவோம். ஆழமாகப் புதைத்தால் வெப்பம் பேணப்படும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் வெப்பம் கடத்துவதில் ஈரமண் இந்நுரையிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு வல்லது. ஆகவே வெப்பத்தைக் காப்பது பெரும்பாலும் நுரையே; மேலுள்ள மண்ணின் பங்கு அற்பம். குடிநீர்க் குழாய் உறைபனி எட்டாத ஆழத்தில் இருத்தல் வேண்டும்; வெந்நீர் ஓடும் குழாய்க்கு அக்கட்டாயமும் இல்லை. எனவே குழாயின் மேல் வழமையாக விடப்படும் 60 முதல் 80 சென்ரிமீற்றர் வரையான மண்மூடலை 40 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைக்கலாமா எனும் வினா எழுந்தது. குறைத்தால் அகழும் மண்ணும் அதனை ஏற்றியிறக்கும் செலவும் குறையும். அகழியின் பக்கங்களுக்கு முட்டுக்கொடுக்கும் தேவையும் நிலத்தடி நீரை இறைக்கும் தேவையும் அருகும். வீதி மூடப்பட்டிருக்கும் நாட்களும் சுருங்கும். ஆழ்ந்த அகழியின் பக்கம் சரிந்தால் புதையுண்பவர் தொழிலாளரே என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

எனினும் ஆழக்குறைவுக்கு அதற்கேயுரிய இடர்களும் உள. 100 மீற்றர் உருக்குக் குழாய் 10 பாகை செல்சியசிலிருந்து 90 பாகைக்குச் சூடாகையில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீள முனையும். அந்நீட்சியைத் தடுத்து நிறுத்துவது சூழவுள்ள மண்ணின் உராய்வாகும். மண்மூடல் குறைய உராய்வும் குறைந்து, வளைவுகளில் குழாய் கூடுதலாக அசையும். நீள இடமின்றி நெருக்குண்ட குழாய், மேலே போதிய பாரம் இல்லாவிடின், மண்ணைத் தள்ளிக்கொண்டு மேல்நோக்கி வளையவும் கூடும். கனரக வாகனங்களின் சில்லுப்பாரம் பரவிக் குறையுமுன் குழாயை வந்தடையும். யாவற்றினும் முதன்மையானது, பிறர் வெட்டும் குழி. தொலைபேசிக் கம்பிக்கென இன்னொருவர் அருகே அகழ்ந்தால், குழாயைத் தாங்கிநின்ற மண் அகன்றுவிடுகின்றது. அகழும் இயந்திரத்தின் வாய்க்கு முதலில் அகப்படுவதும் ஆழங்குறைந்த குழாயே.

இவ்விடத்திலேயே பொறியியல் வினா சமூக வினாவாகின்றது. ஆழத்தைக் குறைப்பதன் பயன் குழாய் இடுபவருக்கு உடனே, பணமாகக் கிடைக்கின்றது. அதன் இடரோ பல பத்தாண்டுகளுக்குப் பரவி, வீதியைப் பயன்படுத்துவோர், பிற சேவைகளை நடத்துவோர், பழுது பார்க்கும் தொழிலாளர், குளிரில் வாடும் குடியிருப்போர் ஆகியோர்மீது சுமத்தப்படுகின்றது. இடுபவரும் பயன்பெறுபவரும் ஒருவராயின் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க இயலும். வேறுவேறானவராயின் தராசே இல்லாமற் போகின்றது.

டென்மார்க்கின் அனுபவம் இதனைத் தெளிவுபடுத்தும். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது அந்நாடு தன் எரிசக்தித் தேவையில் 90 சதவீதத்துக்கும் மேலானதற்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. 1979இல் இயற்றப்பட்ட வெப்ப வழங்கற் சட்டம், எப்பகுதிக்கு எவ்வகை வெப்பம் என்பதைத் திட்டமிடும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அவசியமான செலவுகளை மட்டுமே விலையாக அறவிடலாம் என்பது அங்கு நிலைபெற்ற கோட்பாடு. நிறுவனங்களிற் பெரும்பாலானவை உள்ளூராட்சி மன்றங்களுக்கோ பாவனையாளரின் கூட்டுறவுகளுக்கோ உரியன. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு இவ்வலையமைப்பில் இணைந்துள்ளன.

ஆயினும் பொதுவுடைமை என்ற பெயர் மட்டும் போதுமானதெனக் கொள்வது யாந்திரிகமான பார்வையாகும். சோவியத் குடியிருப்புகள் பலவற்றில் அளவைமானிகளோ, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுகளோ இருக்கவில்லை. அறை அளவுக்கு மீறிச் சூடேறியபோது மக்கள் நடுமாரியிலும் யன்னலைத் திறந்துவிட்டனர். வழங்கல் பொதுவாயிருந்தும் அதன் நிர்வாகத்தில் மக்களின் பங்கு பொதுவாயிருக்கவில்லை. 1991க்குப் பின் பராமரிப்பும் தேய்ந்தது. 2024 ஜனவரியில் மொஸ்கோவை அண்டிய பொடொல்ஸ்க்கில் கொதிகலன் நிலையமொன்று பழுதுற, ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் வெப்பமின்றித் தவித்தனர். மறுபுறம் முதலாளித்துவத்தின் தலைநகரெனத்தக்க நியூயோர்க்கில், 1924இல் புதைக்கப்பட்ட நீராவிக் குழாயொன்று 2007 ஜூலை 18இல் வெடித்து வீதியைப் பிளந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். புதைக்கப்பட்டது மறக்கப்படும் அபாயம் இரு அமைப்புகளுக்கும் பொதுவானதாகவே இருந்துள்ளது.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. நுரைக்காப்புக் குழாய் எனும் உற்பத்திச் சக்தியின் வளர்ச்சி, ஆழமாகத் தோண்ட வேண்டிய தேவையைத் தளர்த்தியது. ஆனால் ஆழங்குறைந்த குழாய் நீடித்து உழைக்க வேண்டுமாயின், வீதியின் கீழ் என்ன, எங்கே கிடக்கின்றது என்பதற்குப் பொதுவான வரைபடமும், தோண்டுமுன் கேட்டறியும் கட்டாயமும், யாவரும் இணைந்து திட்டமிடும் அமைப்பும் இன்றியமையாதன. தொழினுட்பம் கூட்டு வாழ்வைக் கோருகின்றது. நிலவும் உடைமை உறவுகளோ வீதியைத் துண்டுதுண்டாகக் கூறுபோடுகின்றன. ஒரு நிறுவனம் தாரிட்டு முடித்த மறுவாரமே இன்னொன்று வந்து தோண்டும் காட்சியைக் கண்டு பழகிய நமக்கு இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வது கடினமன்று. எத்தனை சென்ரிமீற்றர் என்ற வினாவைப் பொறியியலாளரிடம் விடலாம். எவருடைய செலவில், எவருடைய இடரில் என்ற வினாவை விட்டுவிட நமக்கு உரிமையில்லை.