ஒரே முடிச்சு, இருவேறு நோய்

நுரையீரலில் காணும் முடிச்சுகள் யாவும் காசநோயே என்று நாம் முடிவுகட்டலாகாது. 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்த கிருமியை வெள்ளணுக்கள் சூழ்ந்து சிறைப்படுத்துவதால் எழுவது காசநோய் முடிச்சு. அதன் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக்கட்டி போல் நைந்துவிடும். சார்க்காய்டோசிஸ் என்னும் நோயிலோ, சோதனையில் கிருமி எதுவும் அகப்படாமலே வெள்ளணுக்கள் அவ்வாறு திரள்கின்றன; நடுப்பகுதி பொதுவாக நைவதில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. சார்க்காய்டோசிஸ் நோயாளியின் நுரையீரலில் தற்காப்பு அணுக்கள் குவிந்திருக்கும். ஆயினும் டியூபர்குலின் ஊசியிட்டால் பலருக்குத் தோலில் தடிப்பே எழுவதில்லை. காசநோயாளிக்கு அது பெரும்பாலும் எழும். உடல் மிகத் தளர்ந்தவர்க்கு எழாமலும் போகலாம். ஆதலால் இச்சோதனை ஒன்றையே நாம் நம்புதல் தகாது.

சார்க்காய்டோசிஸுக்குச் சிகிச்சை தேவைப்படுங்கால், தற்காப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தாகிறது. அதனை மட்டும் காசநோயாளிக்குக் கொடுத்தால் கிருமி பெருகும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், இவ்விரண்டையும் பிரித்தறிவதே சிகிச்சையின் முதற்படி.