தின்பதால் மட்டுமா தொந்தி?

ஆனி பிறந்து சாரல் விழுந்தால் போதும். குற்றாலத்தில் கூட்டம் தாங்காது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் - எங்கே பார்த்தாலும் தலைகள். தலைகள் மட்டுமா? சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கும் ஆண்களைப் பாருங்கள். இளைஞர் முதல் பெரியவர் வரை விதவிதமான தொந்திகள்!

"நன்றாகத் தின்கிறார், சதை போட்டிருக்கிறார்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால் வயிறு கபகபவென்று பசிக்கும். குளிர்ந்த நீரில் இருந்து வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிடுவதை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். பிரானூர் பார்டர் பக்கம் போனால் எண்ணெய் மினுங்கும் பரோட்டா, சால்னா, மிளகுக் கோழி! மூன்று பரோட்டாவையும் கோழியையும் நடந்து தீர்க்க வேண்டுமானால் மூன்று மணி நேரமாவது நடக்க வேண்டும். அருவியில் நின்றது தேகப் பயிற்சிக் கணக்கில் சேராது.

ஆனாலும், ஆண்டுக்கு இரண்டு நாள் வந்து போகிறவருக்கு இதனால் தொந்தி விழுந்துவிடாது. மற்ற 363 நாளும் அவர் என்ன செய்கிறார்? அதுதான் கேள்வி.

லண்டன் பஸ்காரர்கள்

லண்டனில் ஜெரெமி மாரிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அந்த நகரத்து மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். டிரைவர்களுக்கே மாரடைப்பு அதிகம் என்று 1953-ல் மாரிஸ் குழுவினர் எழுதினார்கள். 1956-ல் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் கால்சட்டைதான் இடுப்பில் பெரிது! பருத்தவர்களே டிரைவர் வேலைக்கு வந்தார்களோ என்ற சந்தேகமும் எழுந்தது. ஆனால் உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கேடு என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சிகள் உறுதி செய்தன.

மடியிலே சுளகு

லண்டன் வரை போவானேன்? தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் தெருவுக்குத் தெரு பீடி சுற்றும் தாய்மார்கள் இருக்கிறார்கள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். ஆயிரம் பீடி சுற்ற எட்டு, பத்து மணி நேரம் ஆகும். விரல்களுக்கு ஓய்வில்லை, கால்களுக்கு வேலையே இல்லை. நடவுக்கும் களைக்கும் போன பாட்டியின் உடம்பில் ஒட்டாத சோறு, பேத்தியின் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. "நான் என்ன அப்படியா சாப்பிடுதேன்?" என்று அவள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் அவள் தம்பிக்கும் இதே கதைதான். சம்பளம் மட்டும் வேறு!

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேர் உயரத்துக்கு மீறிய எடையுடன் இருந்தார்கள். 2019-21-ல் அது 40 ஆயிற்று. ஆண்களில் 28 பேர் 37 ஆனார்கள். நான்கைந்து ஆண்டுகளில் எல்லாரும் திடீரென்று பெருந்தீனிக்காரர்களாக மாறிவிட்டார்களா, என்ன?

பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றைக் கொட்ட மனம் வராமல் தானே சாப்பிட்டுவிடும் தாய் எந்த வீட்டில் இல்லை? விருந்துக்குப் போன இடத்தில் "போதும்" என்றால் கோபித்துக்கொள்ளாத அத்தை உண்டா? டீக்கடையில் நண்பர் வடையை எடுத்தால் நம் கையும் தானாக நீள்கிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 12,067 பேரை 32 ஆண்டுகள் கவனித்த விவரத்தை 2007-ல் வெளியிட்டார்கள். ஒருவரின் நண்பர் பருத்தால், அவரும் பருக்கும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறதாம்!

"நட" என்று டாக்டர் சொல்கிறார். எங்கே நடப்பது? பொழுது சாய்ந்த பிறகு ஒரு பெண் தனியாக நடந்தால், "எங்கே போறா?" என்று கேட்கும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. இதற்குக் கணவன்மார்தான் வழி செய்ய வேண்டும். அடுப்படி வேலையில் அரை மணி நேரத்தைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு அவளை அனுப்பலாம். பக்கத்து வீட்டு அக்கா, மதினி என்று மூன்று பேர் சேர்ந்துவிட்டால் தெருவின் வாய் அடங்கிவிடும். அதுவும் முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. பீடி சுற்றுகிறவர்கள் நூறு பீடிக்கு ஒரு தடவை சுளகை இறக்கி வைத்துவிட்டு, முற்றத்தில் நாலு சுற்று வரலாம். இரவு பரோட்டாவை வாரம் ஒரு நாளாகக் குறைத்தால் பர்சுக்கும் நல்லது.

தையல்காரர் டேப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். தொப்புளை ஒட்டி வயிற்றை அளந்து பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றக் கூடாது! ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர். அதைத் தாண்டினால், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு கோளாறாலும் சில மருந்துகளாலும் கூட எடை ஏறுவதுண்டு. அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.